பாறை காலையில், வீடு மதியத்தில்: குடும்பத்தோடு செட்டிநாடு சுற்ற ஒரு வழி

செட்டிநாட்டுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் பலரும் காலை டிபனை முடித்த கையோடு கானாடுகாத்தானில் செட்டியார்களின் பழைய பெரிய வீடுகளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அதை முடித்துவிட்டு உச்சி வெயிலில் சித்தன்னவாசல் பாறை ஏறுகிறார்கள், பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழுகிறார்கள், மாமியார் காரை விட்டே இறங்க மாட்டேன் என்கிறார். இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். பாறை காலையில், வீடு மதியத்தில், கோயில் சாயங்காலம். வெயிலைச் சமாளிக்கத்தானே அந்த வீடுகளைக் கட்டினார்கள், அப்புறம் மதியத்துக்கு அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

தங்குவதற்குக் காரைக்குடி வசதி. ஏழரை மணிக்குக் கிளம்பிப் புதுக்கோட்டை வழியாக நேரே சித்தன்னவாசல் போய்விடுங்கள். அது செட்டிநாட்டுக்குள் சேராது, புதுக்கோட்டையைத் தாண்டியும் 15 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், ஆனால் தூரமானதை முதலில் முடித்துவிட்டால் திருமயம், கானாடுகாத்தான் இரண்டும் திரும்பி வரும் சாலையிலேயே இருக்கின்றன. ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், தொப்பி. தின்பண்டம் எல்லாம் காரிலேயே இருக்கட்டும், குரங்குகள் பையின் ஜிப்பைக்கூடத் திறந்துவிடும்.

கிளம்பும்போதே பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். குகை என்றதும் அவர்கள் மனத்தில் டிவியில் பார்த்த, கூரையிலிருந்து கல் ஊசியாகத் தொங்குகிற இருட்டுக் குகைதான் வரும். அது தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கரைத்து உண்டாக்குவது. நம் பக்கத்துப் பாறை கருங்கல், தண்ணீருக்கு அப்படியெல்லாம் கரையாது, அதனால் இங்கே கோயில் குகை வேண்டுமென்றால் ஆள் உட்கார்ந்து உளியால் குடைந்தால்தான் உண்டு. இதைச் சொல்லிக் கூட்டிப்போனால் 'இவ்வளவுதானா' என்ற கேள்வி வராது, சுவரில் உளித்தடம் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

சித்தன்னவாசலில் பார்க்க வேண்டியது இரண்டு. அறிவர் கோயில் என்கிற சமணக் குடைவரை ஒன்று, மேலே ஏழடிப்பட்டம் ஒன்று. வயதானவர்களோடு வந்தால் அறிவர் கோயிலோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவே போதும். உள்ளே போனதும் எல்லோரும் சுவரைத்தான் பார்ப்பார்கள், நீங்கள் தலையைத் தூக்குங்கள். மண்டபத்து விதானத்தில் ஒரு தாமரைக் குளம். இலைகளுக்கு நடுவே மீன், பறவைகள், யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். எத்தனை மீன் என்று பிள்ளைகளை எண்ணச் சொன்னால் பத்து நிமிடம் சத்தமே இருக்காது. தூண்களில் ஆடும் பெண்கள் இருவர் இருக்கிறார்கள், நிறம் நிறையப் போய்விட்டது, ஆனாலும் அந்தக் கை வீச்சு இன்னும் தெரிகிறது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. ஓவியம் சுண்ணாம்புப் பூச்சின் மேல் இருப்பதால் விரல் வைக்கக் கூடாது, பிளாஷ் போடக் கூடாது. கருவறைக்குள் விட்டால் நடுவில் நின்று வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று சொல்லிப் பாருங்கள், அறை முழுக்க அதிரும்.

ஏழடிப்பட்டத்துக்கு முட்டி நன்றாக இருக்கிறவர்கள் மட்டும் போகலாம். பாறையில் வெட்டிய ஏழு கால்பிடிகளை வைத்துத்தான் அந்தப் பெயர். சமண முனிவர்கள் படுத்த 17 கல்படுக்கைகள், தலை வைக்கிற பக்கம் கொஞ்சம் மேடாக, வழவழப்பாக. அதில் ஒன்றில் இருக்கும் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துக்கு வயது ஏறக்குறைய இரண்டாயிரம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டாம், பாதியில் திரும்பவும் முடியாமல் தவிப்பீர்கள்.

பத்தரைக்குள் கிளம்பினால்தான் திருமயம். ஒரே குன்றின் அடியில் சிவனுக்கு ஒரு குடைவரை, பெருமாளுக்கு ஒன்று, பக்கத்துப் பக்கத்தில். பள்ளிகொண்ட பெருமாளைப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள், தலையிலிருந்து பாதம் வரை பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவு பெரிது. மதியம் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் நேரமாகிவிட்டால் விட்டுவிடுங்கள். 1687-இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டையும் மேலே இருக்கிறது. மார்கழி, தை என்றால் ஏறலாம், சித்திரையில் வேண்டவே வேண்டாம்.

சரி, கானாடுகாத்தான். இங்கே பாரம்பரிய வீடுகள் சிலவற்றை விடுதியாக்கியிருக்கிறார்கள், முந்தின நாளே போன் செய்து சொல்லிவைத்தால் இலை போட்டுச் சாப்பாடு கிடைக்கும். சொல்லாமல் போய் நின்றால் கிடைக்காது. சாப்பாட்டுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, ஊருக்குள் நல்ல கழிப்பறை தேடினால் அலைய வேண்டியிருக்கும், அங்கேயே எல்லோரும் போய்விட்டு வந்துவிடலாம்.

வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டித்தான் கிடக்கும். பங்காளிகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள், கல்யாணம், முன்னோருக்குச் செய்கிற படைப்பு என்றால் வந்து திறப்பார்கள். காவலுக்கு இருக்கிறவரிடம் "ஐயா, முகப்பு வரைக்கும் பார்த்துக்கலாமா?" என்று கேளுங்கள், விட்டால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போங்கள், வரும்போது கையில் ஏதாவது கொடுங்கள். இல்லை என்றால் அதோடு விடுங்கள், அது ஒருத்தர் வீடு. உள்ளே போனால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெரு வரைக்கும் போகும். வளவு நடுவில் வானம் தெரிகிற இடத்தில் பாட்டியை உட்கார வையுங்கள். சூடு மேலே ஏறிப் போய்விடும், வெறுங்காலுக்குக் கீழே கல் குளுகுளுவென்று இருக்கும். தூண்களில் பர்மா தேக்கு, தரையில் இத்தாலிச் சலவைக்கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்பு. சுவரைத் தடவிப் பார்க்கக் கை துறுதுறுக்கும், கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

பூட்டிய கதவுகளே பார்த்து அலுத்துப்போனால் ஆத்தங்குடி பெரிய வீட்டுக்குப் போய்விடலாம், கட்டணம் கட்டினால் உள்ளே விடுவார்கள். ஆனால் என்னைக் கேட்டால் அந்த ஊரில் வீட்டைவிட டைல்ஸ் பட்டறைதான் முக்கியம். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிறமாகச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் தட்டுவார்கள். சூளையே கிடையாது, தொட்டித் தண்ணீரில் ஊறவைப்பதோடு சரி. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுப்பது. ஞாயிறு தவிர்த்து வேலை நாளாகப் பார்த்துப் போங்கள்.

நாலு மணிக்கு மேல் பிள்ளையார்பட்டியில் நடை திறந்துவிடும். அதுவும் குடைவரைதான், இரண்டே கையோடு, துதிக்கை வலப்பக்கம் திரும்பிய பிள்ளையார் பாறையோடு பாறையாக இருக்கிறார். சதுர்த்தி, சங்கடஹர சதுர்த்தி நாட்களில் இந்தத் திட்டத்தையே கைவிட்டுவிடுங்கள், வரிசையிலேயே பொழுது போய்விடும். மற்ற நாளென்றால் ஏழு மணிக்குள் காரைக்குடி திரும்பிவிடலாம். சீப்புச் சீடையும் மனகோலமும் வாங்க அந்த நேரம் தாராளம், எந்த எண்ணெயில் சுட்டது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.