மாநிலம் மாறினால் கைத்துப்பாக்கி லைசென்ஸ் என்ன ஆகும்?

டல்லாஸ் பக்கத்திலிருந்து நியூ ஜெர்சிக்கு வேலை மாறியபோது, செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். கரண்ட், இன்டர்நெட், பையனின் பள்ளி, கார் ரெஜிஸ்ட்ரேஷன் என்று போன அந்தப் பட்டியலின் கடைசி வரி, "துப்பாக்கி லைசென்ஸில் முகவரி மாற்று". ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்ற நினைப்பு. அந்த ஒரு வரிதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாளைத் தின்றது.

துப்பாக்கி லைசென்ஸுக்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது. டிரைவிங் லைசென்ஸ் என்றால் பழையதைக் கொடுத்துவிட்டுப் புது மாநிலத்து அட்டையை வாங்கிக்கொள்கிறோம். இதில் அப்படி இல்லை. அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்ல லைசென்ஸ் கொடுப்பது மாநிலம்தான். அதை அடுத்த மாநிலம் மதிக்க வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் எதுவும் இல்லை. மதிக்கும் மாநிலங்களிலும் அந்த மதிப்பு பெரும்பாலும் வந்து போகிறவருக்குத்தான், குடிவந்தவருக்கு இல்லை. ஃப்ளோரிடா போன்ற சில இடங்களில் மட்டும் கொஞ்சம் அவகாசம் உண்டு. அங்கே செல்லுபடியாகும் வெளிமாநில லைசென்ஸோடு குடியேறினால் 90 நாள் வரை அது செல்லும். அதற்குப் பிறகு அந்தப் பழைய அட்டை அங்கே உதவாது.

லைசென்ஸைப் பற்றி மேலே போவதற்கு முன், உங்கள் பாஸ்போர்ட்டில் என்ன விசா இருக்கிறது என்று பாருங்கள்.

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 இவை எல்லாமே குடியேற்றம் அல்லாத விசாக்கள். அவற்றில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். விலக்குகள் சில உண்டு. முக்கியமானது, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது. "வேட்டை லைசென்ஸ் ஒன்று ஆன்லைனில் எடுத்துவிட்டால் போதும், துப்பாக்கி வாங்கலாம்" என்று நண்பர்கள் சொல்வது இதை வைத்துத்தான். சட்டத்தில் அப்படி ஒரு வழி இருப்பது உண்மை. ஆனால் கிரீன் கார்டுக்கு வருடக்கணக்காக வரிசையில் நிற்கும் ஒருவர் இந்த விலக்கை நம்பி வீட்டில் துப்பாக்கி வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வேட்டை லைசென்ஸின் தேதி முடிந்த மறுநாள் அலமாரியில் இருப்பது சட்டவிரோதத் துப்பாக்கி.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சனிக்கிழமை ஆபீஸ் நண்பர்கள் சுடும் பயிற்சி இடத்துக்குக் கூட்டிப் போவார்கள். வாடகைத் துப்பாக்கி, நாலு ரவுண்டு, ஒரு செல்ஃபி. வாங்கவில்லையே, வாடகைதானே என்று தோன்றும். கையில் எடுத்தாலே 'வைத்திருத்தல்' என்ற சொல்லுக்குள் அது வந்துவிடும். அந்த செல்ஃபியை இன்ஸ்டாகிராமில் போட்டு, தனக்கு எதிரான சாட்சியைத் தானே தயாரித்துக் கொடுத்த எஃப்-1 மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை நீங்குகிறது. ஆனாலும் குடியுரிமை வாங்கும்வரை கவனம் தேவை. துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாகத் தண்டனை பெற்றால் கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்த அதுவே போதும். எத்தனை வருடம் இங்கே இருந்தவராக இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு. பக்கத்து வீட்டு அமெரிக்கருக்கு வக்கீல் செலவோடும் தண்டனையோடும் முடிகிற அதே தவறு, நமக்கு வீடு, வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மாநிலம் மாறும்போது நாம் மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகப் பயப்படுவதில் தப்பே இல்லை.

சரி, இனி லைசென்ஸ்.

பழைய லைசென்ஸ் தானாக ரத்தாகிவிடுமா என்பது அதைக் கொடுத்த மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சாஸ் வெளிமாநிலத்தவருக்கும் லைசென்ஸ் தருகிறது. அதனால் நான் 30 நாளுக்குள் புது முகவரியைத் தெரிவித்துவிட்டு அதை அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது. எல்லா மாநிலமும் இவ்வளவு தாராளம் இல்லை. அப்புறம், வைத்துக்கொள்ள முடிந்தாலும் அதன் மதிப்பு குறைந்துவிடும். கொலராடோ, மிச்சிகன் போன்ற மாநிலங்கள் ஒருவர் தான் குடியிருக்கும் மாநிலத்தில் வாங்கிய லைசென்ஸை மட்டுமே ஏற்கும். டெக்சாஸில் குடியிருந்தவரை கொலராடோவில் செல்லுபடியான அதே அட்டை, நான் நியூ ஜெர்சிக்காரன் ஆன அன்று அங்கே செல்லாக்காசு.

"30க்கு மேற்பட்ட மாநிலங்களில் செல்லும்" என்று விளம்பரம் செய்து யூட்டா லைசென்ஸுக்கு வார இறுதி வகுப்பு நடத்துவார்கள். பொய் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா, மேரிலாண்ட், மாசசூசெட்ஸ் கிடையாது. நம் ஆட்கள் கூட்டமாக வாழும் இடங்களில் பாதி இவைதானே!

இந்தக் கண்டிப்பான மாநிலங்களுக்குப் போகிறவர்கள் நாள் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவுக்குக் கொண்டு போகும் துப்பாக்கியை 60 நாளுக்குள் மாநில நீதித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மாசசூசெட்ஸிலும் புதிதாகக் குடிவந்தவருக்கு 60 நாள் அவகாசம், அதற்குள் அந்த மாநில லைசென்ஸ். இல்லினாயில் துப்பாக்கி வைத்திருக்கவே 'ஃபாய்டு' அட்டை வேண்டும். நியூயார்க் எல்லாவற்றுக்கும் மேல். அங்கே லைசென்ஸ் கையில் வராமல் கைத்துப்பாக்கியை வீட்டுக்குள்கூட வைக்கக் கூடாது. மாநிலத்தின் மற்ற கவுண்டிகளில் வாங்கிய லைசென்ஸ், தனி அனுமதி இல்லாமல் நியூயார்க் நகரத்துக்குள் செல்லாது. லைசென்ஸ் வரும்வரை துப்பாக்கியைப் பழைய ஊரில் டீலரிடம் விட்டுவிட்டு வருவதே நல்லது.

நியூ ஜெர்சியில் நான் பட்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2022இல் வந்த சட்டப்படி, குடிவந்த 60 நாளுக்குள் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை எடுத்து, கொண்டு வந்த துப்பாக்கியையும் பதிவு செய்ய வேண்டும். நம் ஊராட்சியின் போலீஸ் நிலையம் வழியாகத்தான் இது நடக்கும். கைரேகை, மனநல ஆவணங்களைப் பார்க்கச் சம்மதக் கையெழுத்து, நம்மைத் தெரிந்த இரண்டு பேரின் பெயர். இதெல்லாம் வீட்டில் வைத்திருக்க மட்டும். இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போக வேண்டுமானால் அது தனி பெர்மிட். அதற்கு உறவினர் அல்லாத 4 பேரின் பெயர் வேண்டும், அவர்களுக்கு நம்மைக் குறைந்தது 3 வருடமாகத் தெரிந்திருக்க வேண்டும். நானோ ஊருக்கு வந்து இரண்டு மாதம். டல்லாஸ் நண்பர்களுக்குத்தான் ஒவ்வொருவராகப் போன் போட்டேன். ஒருவர் கேட்டார், "போலீஸ் எனக்குப் போன் பண்ணுவாங்களா? நான் எச்-1பி, எனக்கு ஒண்ணும் ஆகாதே?" பெயர் கொடுப்பதால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. இதில் வேடிக்கை, 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் நியூயார்க் வழக்கில் தீர்ப்பு சொல்லும்வரை, நியூ ஜெர்சியில் சாதாரண ஆள் இந்த பெர்மிட்டைக் கனவில்கூட நினைக்க முடியாது. தனக்குத் தனிப்பட்ட ஆபத்து இருப்பதை நிரூபித்தால்தான் கிடைத்தது.

லைசென்ஸையே பார்த்துக்கொண்டு துப்பாக்கியைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். என்னுடையது சாதாரண க்ளாக் 19. டெக்சாஸ் கடையில் அதோடு வந்த மேகசின்கள், அதாவது தோட்டாவை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் கூடுகள், 15 தோட்டா பிடிக்கும். நியூ ஜெர்சியில் 10தான் உச்சம். அதற்கு மேல் பிடிக்கும் காலி மேகசின் ஒன்று மேசை டிராயரில் கிடந்தாலே குற்றம். கிளம்புவதற்கு முதல் வாரம் மேகசின்கள் அத்தனையையும் நண்பருக்குக் கொடுத்துவிட்டு, 10 தோட்டா மேகசின் இரண்டு வாங்கினேன். பெட்டியில் எல்லாம் அடைத்த பிறகும் ஒரு சந்தேகம் வந்து, பயிற்சிக்குக் கொண்டு போகும் பையைத் திறந்து பார்த்தேன். பக்கவாட்டு ஜிப்புக்குள் இன்னொரு 15 தோட்டா மேகசின் இருந்தது.

வழியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 1986ஆம் ஆண்டின் மத்திய சட்டம் ஒன்று, துப்பாக்கியோடு மாநிலங்களைக் கடந்து போகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் அதை வைத்திருப்பது சட்டப்படி சரியாக இருக்க வேண்டும். தோட்டா எடுக்கப்பட்டு, துப்பாக்கியும் தோட்டாவும் இருக்கையிலிருந்து எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். டிரங்க் இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி. டேஷ்போர்டு அறையைப் பூட்டிவிட்டேன் என்பது செல்லாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு கடந்து போகிறவருக்குத்தான். நடுவில் நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கினால் அது பயணமா, தங்கலா என்று வாதாட வேண்டி வரும். நான் டென்னஸியில் ஓர் இரவு, வர்ஜீனியாவில் ஓர் இரவு தங்கினேன். ஐ-81 சாலை மேரிலாண்டுக்குள் ஏறக்குறைய 12 மைல்தான். காபிக்குக்கூட நிறுத்தாமல் கடந்தேன்.

அதிகப்படியான பயம் என்று மனைவி சிரித்தாள். 2013இல் நடந்த ஒன்றை அவளுக்குச் சொன்னேன். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய், பென்சில்வேனியா லைசென்ஸோடு நியூ ஜெர்சிக்குள் வந்தார். சாலையில் போலீஸ் நிறுத்தியபோது, கேட்காமலே, "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது" என்று நேர்மையாகச் சொன்னார். கைதானார். குறைந்தது மூன்றரை வருடச் சிறை என்ற நிலை வரை போய், 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு அளித்த பிறகுதான் முழுதாக விடுபட்டார். அவர் தாண்டியது இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே ஓடும் ஒரு ஆற்றை மட்டுமே.

எதிர்த் திசையில், டெக்சாஸ் மாதிரி கைத்துப்பாக்கியோடு வெளியே போக லைசென்ஸே தேவையில்லாத மாநிலத்துக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் அப்படித்தான். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல். இருந்தாலும் அந்த மாநில லைசென்ஸை வாங்கிவிடுங்கள். பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது மத்திய சட்டம். அதிலிருந்து விலக்கு பெற, அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த லைசென்ஸ் வேண்டும், பழைய மாநிலத்து அட்டை உதவாது. பிள்ளையை இறக்கிவிட தினமும் பள்ளி வாசலுக்குப் போகிறவர்கள் நாம்.

அப்புறம் அப்பா அம்மா. ஆறு மாதம் விசிட்டர் விசாவில் வருவார்கள், நாம் வேலைக்குப் போனால் வீட்டில் அவர்கள் மட்டும்தான். அவர்களுக்கும் அதே விசா தடை உண்டு. பெட்டகத்தின் எண்ணை அவர்களிடம் சொல்லாதீர்கள், சாவியைப் பூஜை அறை டப்பாவில் வைக்காதீர்கள். என் அப்பா வந்த இரண்டாம் நாளே "அந்த இரும்புப் பெட்டியில என்னப்பா?" என்று கேட்டார். ஆபீஸ் ஃபைல் என்றேன். நம்பவில்லை, ஆனால் மறுபடி கேட்கவும் இல்லை.