மெமரி பிழையைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரமணியில் முன்பு நான் வேலை பார்த்த நிறுவனம் ஒன்றில், துணிக்கடைகளுக்கான பில்லிங் சர்வர் ஒன்று இருந்தது. ஜாவாவில் எழுதியது. மெமரி ஏறிக்கொண்டே போகும் என்பதால் தினமும் அதிகாலையில் ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்திருந்தோம். தீபாவளிக்கு முந்தைய வாரம், தி.நகரில் கூட்டம் அலைமோதும் சாயங்கால நேரத்தில் அது விழுந்தது. ஹீப், அதாவது ஆப்ஜெக்ட்கள் வைக்கப்படும் மெமரிப் பகுதியின் அளவைக் கூட்டினோம். விழும் நேரம்தான் தள்ளிப்போனது.

கவுன்டரில் வரிசை நிற்கும்போது ரீஸ்டார்ட் செய்யத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் ஹீப் டம்ப் (அந்த நேரத்து ஹீப்பின் நகல்) எடுக்காமல் விட்டால் தடயமே போய்விடும். சில மணி நேர இடைவெளியில் இரண்டு டம்ப் எடுத்து, எந்த ஆப்ஜெக்ட் பெருகியிருக்கிறது, எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் சர்வரில் அப்படிப் பிடித்து வைத்திருந்தது ஒரு ஸ்டாட்டிக் ஹேஷ்மேப், அதாவது புரோகிராம் ஓடும்வரை அழியாமல் இருக்கும் ஒரு பட்டியல். ஒவ்வொரு பில்லையும் உள்ளே போட்டோம், வெளியே எடுக்கவே இல்லை. பயன்படாத மெமரியைத் தானாகவே விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் இருக்கும்போது லீக் (மெமரி விடுபடாமல் தேங்குவது) எப்படி வரும் என்று நம்பியிருந்தோம். இன்னும் பிடியில் இருக்கும் பொருளை அது தொடாது.

சி, சி++ பக்கம் சிக்கல் வேறு மாதிரி. கிராஷ் ஆன வரியையே குற்றவாளி என்று நினைப்பதுதான் அங்கே நான் அதிகம் பார்க்கும் தவறு. வீட்டைக் காலி செய்து போனவர் பழைய சாவியோடு வந்து கதவைத் திறக்கிறார்; புகார் கொடுப்பது புதிதாகக் குடிவந்தவர். ஃப்ரீ செய்த, அதாவது ஏற்கெனவே விடுவித்துவிட்ட மெமரியைத் தொடும் பிழையும் அப்படித்தான், சம்பந்தமில்லாத இடத்தில் வெடிக்கும். ஒரு பிரிண்ட் வரி சேர்த்ததும் அது மறைந்துவிட்டால் சரியாகிவிட்டது என்று மூடிவிடாதீர்கள். மெமரியின் அமைப்பு கொஞ்சம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். இத்தகைய மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் என்ற கருவியோடு கம்பைல் செய்து ஓட்டுங்கள். தொட்டது எங்கே, விடுவித்தது எங்கே, முதலில் ஒதுக்கியது எங்கே என்று மூன்றையும் காட்டும். வேகம் சுமார் 2 மடங்கு குறையும். மறுபடி கம்பைல் செய்ய முடியாவிட்டால் வால்கிரைண்ட் என்ற இன்னொரு கருவி இருக்கிறது. அதில் 10 முதல் 30 மடங்கு வரை மெதுவாகும். இரண்டையும் ஒன்றாக ஓட்டாதீர்கள்.

அப்புறம், லினக்ஸின் டாப் கட்டளை காட்டும் மெமரி எண் இறங்கவில்லை என்பதாலேயே லீக் என்று முடிவு கட்ட வேண்டாம். ஃப்ரீ செய்த மெமரியை, அதை ஒதுக்கித் தரும் அலோகேட்டர் பல நேரம் உடனே லினக்ஸிடம் திருப்பித் தருவதில்லை, அடுத்த தேவைக்கு வைத்துக்கொள்ளும். அதே சுமையில் நாள் முழுக்க ஏறிக்கொண்டே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். லாகில் எதுவுமே இல்லாமல் புராசஸ் செத்துப்போனால், மெமரி போதாமல் கெர்னலே (லினக்ஸின் மையப் பகுதி) அதைக் கொன்றதா என்று, கெர்னலின் செய்திகளைக் காட்டும் dmesg கட்டளையில் பாருங்கள்.

எடுத்த ஹீப் டம்பை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வாடிக்கையாளர்களின் போன் நம்பர்கள் அதில் அப்படியே இருக்கும்.