தர்மபுரியில் கடல்நீர் மீன்தொட்டி: முதலில் தண்ணீர், கடைசியில்தான் மீன்

தொட்டி வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். நம்ம ஊர் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் தொட்டிக்கு ஆகாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆகவே ஆர்ஓ தண்ணீர்தான். வீட்டு ஆர்ஓ மெஷின் பலவற்றில், ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும். அதை மூடிவிட்டு, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது.

அடுத்தது தொட்டி. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 190 லிட்டர் பிடிக்கும். சின்னத் தொட்டி மலிவுதான், ஆனால் அதில் தண்ணீர் சீக்கிரம் கெடும். தண்ணீர், கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டும்; ஸ்டாண்டு ஆடக் கூடாது.

உப்பு லிட்டருக்கு 35 கிராம், அதாவது மொத்தம் ஆறரை கிலோ போல. சமையல் உப்பு உதவாது. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சேர்ந்த மரைன் சால்ட் மிக்ஸ் வேண்டும். ட்ரம்மில் தண்ணீரை ஊற்றி, உப்பைக் கொட்டி, மோட்டார் போட்டு ஒரு ராத்திரி சுற்ற விடுங்கள். காலையில் உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 1.025இல் நிற்க வேண்டும்.

சரி, சாமான்கள். வேவ் மேக்கர் நீரோட்டத்துக்கு, ப்ரோட்டீன் ஸ்கிம்மர் அழுக்கை நுரையாக வெளியேற்ற. கரண்ட் போனால் ஆக்சிஜன் குறையும் என்பதால் இன்வர்ட்டரில் முதல் இடம் வேவ் மேக்கருக்கு. ஒயர்கள் சுவிட்ச் போர்டுக்குக் கீழே தொங்கி மேலே ஏறட்டும், ஒழுகும் நீர் பிளக்குக்குள் போகாது. மார்கழிக் குளிருக்கு ஹீட்டர். ஏப்ரல், மே வெயிலில்தான் சிக்கல்: 26 டிகிரி பக்கம் வைத்திருக்க வேண்டும். தண்ணீர் மேல் சின்ன ஃபேன் காற்றடித்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், தண்ணீரும் வற்றும்.

இங்கேதான் நான் மாட்டினேன். வற்றியதற்கு உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே, உப்பு அப்படியே இருக்கும். ஒரு வாரத்தில் 1.030. இப்போது கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டு, அதுவரை வெறும் ஆர்ஓ தண்ணீர்தான்.

அப்புறம் கல். பவளப் பாறை விற்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளம் எடுப்பதும் விற்பதும் குற்றம். செராமிக் கல் போதும். மீன் இல்லாமலே கொஞ்சம் அம்மோனியா விட்டு, மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அந்தக் கல்லில் வளர நாலு முதல் ஆறு வாரம் பொறுங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா ஏறி இறங்கும், நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரிந்தால், பண்ணையில் வளர்த்த கோமாளி மீன் ஒரு ஜோடி வாங்கலாம்.