சரளை இறக்கத்தில் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டுவது எப்படி: வேலூர்ப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

மலைப் பாதைகளில் ஓட்ட வேண்டும் என்ற ஆசையில் எம்.டி.பி. சைக்கிள் வாங்கியவர்களில் பலர், சில மாதங்களுக்குள் அதைக் காட்பாடி சாலையில் பேருந்துகளுக்கு நடுவே மட்டும் ஓட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவருகிறேன். அவர்களுக்குக் கால்வலு குறைவு என்று சொல்ல முடியாது. செம்மண்ணும் சரளையும் கலந்த ஓர் இறக்கத்தில் வண்டி தன் சொல்லைக் கேட்காது என்ற பயம்தான் அவர்களைத் தார்ச்சாலைக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்தப் பயம் எனக்கும் நெடுநாள் இருந்தது. நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்த முடியும் என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் அது விலகியது. ஆகவே இந்த விளக்கத்தில் பிரேக்குக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். சமநிலையோடு ஓட்டவும் கியர் மாற்றவும் தெரிந்தவர்களுக்காக எழுதுவதால் அவற்றை விளக்கவில்லை.

வண்டியும் உடுப்பும்

புதியவர்களுக்கு முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியே போதும் என்பது என் உறுதியான கருத்து. குறைந்த விலையில் பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்து விற்கப்படும் வண்டிகள் கனமாக இருப்பதோடு, நாம் மிதிக்கும் வலுவில் ஒரு பகுதியை அந்த ஸ்பிரிங்கே விழுங்கிவிடும். அந்தப் பணத்தை நல்ல டிஸ்க் பிரேக்குக்கும், 2.1 அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள டயருக்கும் செலவிடுங்கள். ஷூவைப் பெடலோடு பூட்டும் வகை தொடக்கத்தில் வேண்டாம். சிறு ஆணிகள் துருத்திக்கொண்டிருக்கும் தட்டையான பெடலும், அடிப்பாகம் சமமான ரப்பர் ஷூவும் இருந்தால் கால் நழுவாது, தேவைப்படும்போது உடனே தரையில் ஊன்றவும் முடியும். ஹெல்மெட், விரல்களை முழுதாக மூடும் கையுறை ஆகிய இரண்டும் இல்லாமல் மண் பாதையில் இறங்கவே கூடாது.

டயரில் காற்று எவ்வளவு என்பதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டு, அளவுமானி பொருத்திய பம்ப் ஒன்றை வாங்குங்கள். கடைகளில் பெரும்பாலும் கல்லைப் போல இறுகும்வரை அடித்துவிடுவார்கள். அந்த அழுத்தத்தில் டயர் சரளையைப் பற்றாமல் அதன் மேல் துள்ளும். 65 முதல் 70 கிலோ எடையுள்ளவர், டியூப் உள்ள 2.2 அங்குல டயருக்கு முன்னால் 26 முதல் 28 பி.எஸ்.ஐ., பின்னால் 28 முதல் 30 பி.எஸ்.ஐ. என்ற அளவிலிருந்து தொடங்கலாம். இதைவிட வெகுவாகக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கி ஒரே இடத்தில் இரண்டு ஓட்டைகள் விழும்.

முதல் படி: பிரேக் லீவரை உங்கள் கைக்குப் பொருத்துதல்

பெரும்பாலானவர்கள் தாண்டிச் செல்லும் படி இதுதான். என்னை நீண்ட காலம் தடுத்து நிறுத்தியதும் இதுதான். கடையிலிருந்து வரும் வண்டியில் பிரேக் லீவர் கைப்பிடியை ஒட்டியே இறுக்கப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் ஆட்காட்டி விரல் லீவரின் நடுப்பகுதியில்தான் விழும். நெம்புகோலின் பாதி நீளம் வீணாவதால் இரண்டு மூன்று விரல்களால் இழுக்க வேண்டியிருக்கும், ஹேண்டில்பாரைப் பற்றுவதற்கு மிஞ்சுவது ஒன்றிரண்டு விரல்களே. குலுங்கும் இறக்கத்தில் பிடி தளர்கிறது என்ற உணர்வும், அதனால் வரும் பயமும் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

லீவரை ஹேண்டில்பாரோடு கவ்வியிருக்கும் போல்ட்டை 4 அல்லது 5 மி.மீ. ஆலன் கீயால் தளர்த்துங்கள். வழக்கமாக ஓட்டும் இடத்தில் கையை வைத்து, ஆட்காட்டி விரலை மட்டும் நீட்டி, அதன் முதல் கணு லீவரின் கடைசி வளைவில் அமரும்வரை லீவரை உள்பக்கமாக நகர்த்துங்கள். கியர் மாற்றும் கருவி குறுக்கே நின்றால் அதையும் சேர்த்து நகர்த்த வேண்டும். பிறகு வண்டியின் மேல் நின்று, முழங்கையை மடக்கி, முன்கையிலிருந்து விரல் நுனிவரை மணிக்கட்டு ஒடியாமல் நேராக வரும் கோணத்துக்கு லீவரைச் சாய்த்து வையுங்கள். போல்ட்டை உயிரைக் கொடுத்து முறுக்க வேண்டாம். விழும்போது லீவர் உடையாமல் சற்றுத் திரும்பிக்கொள்ளும் அளவுக்கு இறுக்கம் இருந்தால் போதும். ஆனால் ஓட்டும்போது இழுத்தால் அசையக் கூடாது.

எந்த லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்பதைக் கேபிளைக் கண்ணால் தொடர்ந்து சென்று பார்த்துக்கொள்ளுங்கள். இது வண்டிக்கு வண்டி மாறும். நண்பரின் வண்டியை வாங்கி ஓட்டும்போது இதைப் பார்க்காமல் இறக்கத்துக்குப் போகவே போகாதீர்கள்.

இரண்டாம் படி: சமதளத்தில் நிறுத்திப் பழகுதல்

பள்ளி மைதானமோ, கோடையில் வற்றி இறுகிப்போன ஏரி உள்வாயோ இதற்கு ஏற்ற இடம். ஒரு செங்கல்லை அடையாளமாக வைத்து, மெதுவோட்ட வேகத்தில் வந்து, கல்லைத் தாண்டும் கணத்தில் பின்பிரேக்கை மட்டும் பிடியுங்கள். சக்கரம் இழுபட்டு, மண்ணில் கோடு போட்டுக்கொண்டே நெடுந்தூரம் போய்தான் வண்டி நிற்கும். அடுத்த முறை முன்பிரேக்கை மட்டும் படிப்படியாக அழுத்துங்கள். வெடுக்கென்று இழுக்காமல், ஈரத் துணியைப் பிழிவதைப் போல அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், முன்னதைவிட வெகு குறைந்த தூரத்தில் வண்டி நிற்பதைப் பார்ப்பீர்கள். பிரேக் பிடித்தவுடன் எடையில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கு நகர்வதால் அந்த டயர் தரையை இறுகப் பற்றுகிறது, பின்சக்கரமோ இலேசாகிவிடுகிறது. ‘முன்பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய்’ என்று சிறுவயதில் நமக்குச் சொல்லிவைத்த எச்சரிக்கை, உடலை விறைப்பாக வைத்து வெடுக்கென்று இழுப்பவருக்கு மட்டுமே பொருந்தும்.

உடல் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, சீட்டிலிருந்து எழுந்து, இடுப்பைச் சற்றுப் பின்னும் கீழும் தள்ளி, இரண்டு குதிகால்களையும் கீழே அழுத்துங்கள். குதிகால் கீழிறங்கினால் நம் எடை பெடல் வழியாகத் தரைக்குப் போகும். விரல் நுனியில் நின்றால் அதே எடை கைகளுக்கு வந்து நம்மை முன்னே தள்ளும். முழங்கை மடங்கியே இருக்கட்டும். இறக்கப் பாதைக்குப் போகும் முன் சீட்டையும் ஐந்தாறு சென்டிமீட்டர் இறக்கிக்கொண்டால் இடுப்பு நகர இடம் கிடைக்கும்.

இதே பயிற்சியைப் பிறகு சரளை பரவிய இடத்தில் செய்யுங்கள். நம் பக்கத்துப் பாதைகளில் பெரும்பாலும் இறுகிய செம்மண்ணின் மேல் உருளும் சிறு கற்கள் கிடப்பதால், முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் பக்கவாட்டில் வழுக்கும். அப்படி வழுக்கத் தொடங்கும் கணத்தில் விரலைத் தளர்த்தினால் சக்கரம் மீண்டும் உருண்டு தானே நிமிர்ந்துவிடும். வேண்டுமென்றே, மிகக் குறைந்த வேகத்தில், நேர்கோட்டில் இதைச் செய்துபார்த்து, வழுக்கல் எப்படித் தொடங்குகிறது என்பதை விரலுக்குக் கற்றுக்கொடுங்கள். இது பழகும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

மூன்றாம் படி: மெதுவாக ஓட்டுதல், வளைதல்

பொங்கல் விளையாட்டுகளில் கடைசியாக வருபவருக்குப் பரிசு கொடுக்கும் ஸ்லோ சைக்கிள் போட்டியைப் போலச் சிறந்த சமநிலைப் பயிற்சியை நான் பார்த்ததில்லை. பின்பிரேக்கை மெல்ல உரசவிட்டு, பெடலில் இலேசான அழுத்தம் வைத்து, காலை ஊன்றாமல் எவ்வளவு மெதுவாகப் போக முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போய்ப் பழகுங்கள். பாறை இடுக்குகளில் உங்களைக் காப்பாற்றப்போவது இந்தத் திறமைதான்.

வளைவுக்கு வரும்போது, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, திரும்பும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும். சாய்ந்த நிலையில் பிரேக் பிடித்தால், டயரின் பிடிப்பைத் திரும்புவதற்கும் நிற்பதற்கும் பங்கிட வேண்டியிருக்கும். சரளையில் அந்தப் பிடிப்பு ஒன்றுக்கே போதாது. வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து அதில் எடையை ஊன்றுங்கள். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும் என்பதால், தவிர்க்க வேண்டிய கல்லை உற்றுப் பார்க்காமல் அதைத் தாண்டியுள்ள வழியைப் பாருங்கள்.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏற்றம் தொடங்கும் முன்பே கியரை இலேசாக்குங்கள், சீட்டின் முன்முனைக்கு நகருங்கள், நெஞ்சைத் தாழ்த்துங்கள், மிதிப்பதை நிறுத்தாதீர்கள். நடுவில் நின்றுவிட்டால் வண்டியைப் பாதைக்குக் குறுக்காகத் திருப்பி வைத்துக் கிளம்பினால் எளிதாக இருக்கும்.

எங்கே போவது

முதலில் ஏரிக்கரைகள். அடுத்து, கணியம்பாடி வழியாக அமிர்தி செல்லும் சாலையின் இருபுறமும் உள்ள ஊர்களின் மண் பாதைகள். ஜவ்வாது மலையின் அடிவாரம் அங்கேயே தொடங்குவதால் ஏற்ற இறக்கத்துக்குக் குறைவில்லை. பாலாற்று மணலைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். ஆழமான மணலில் முன்சக்கரம் புதைந்து புதியவரைச் சோர்வடையச் செய்யும். வெறும் பாறைச் சரிவு, காய்ந்திருக்கும்போது, பார்ப்பதற்குத்தான் பயமாக இருக்கும், டயரை நன்றாகவே பற்றும். அதன் மேல் படிந்த மணலும், மழைக்குப் பின் படரும் பாசியும்தான் ஆபத்தானவை. எந்தச் சரிவையும் முதலில் நடந்து இறங்கி, கீழிருந்து ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. ஜவ்வாது மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்களில் பரந்திருப்பதால், நீங்கள் எண்ணும் பாதை எந்த வனச்சரகத்தில் வருகிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அறுவடைக் காலத்தில் ஊர்ச் சாலைகளில் கேழ்வரகும் கொள்ளும் பரப்பியிருப்பார்கள். அது அவர்களுடைய உழைப்பு. இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போங்கள். அந்தத் தாள்கள் பின்கியரில் சுற்றிக்கொண்டால் எடுப்பதும் பெரும்பாடு.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலைதான் என்றாலும், நீண்ட இறக்கத்தில் பிரேக்கைக் கையாளப் பழக நல்ல இடம். மலையடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து விடியற்காலையில் ஏறிவிட்டால் சுற்றுலா வண்டிகள் வரும் முன் இறங்கிவிடலாம். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து உரசவிடாமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, நேர்ப்பகுதியில் விட்டு, டிஸ்க் ஆற இடம் கொடுங்கள். கீழே வந்ததும் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் பொசுங்கிவிடும்.

வேலூர் வெயிலை எண்ணித்தான் எல்லாவற்றையும் திட்டமிட வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், காலை எட்டரைக்குள் வீடு திரும்பும்படி கிளம்புவதே அறிவு. ஒரு மணி நேரத்துக்கு முக்கால் லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும், அதோடு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றும்.

முள்

ஏரிக்கரையில் சீமைக்கருவேலம், பாதை ஓரத்தில் நெருஞ்சி. இவற்றிடமிருந்து தப்பிய டியூப் இங்கே கிடையாது. ஒரு முறை கரையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், “தம்பி, அந்தப் பக்கம் போவாதப்பா, நேத்துதான் முள்ளு வெட்டிப் போட்டிருக்காங்க” என்று கூப்பிட்டுச் சொன்னார். அதிலிருந்து, புதிய கரை ஒன்றில் ஏறும் முன் அங்கே இருப்பவர்களிடம் பாதையைக் கேட்டுக்கொள்கிறேன்.

பஞ்சரானால் டியூபை மாற்றும் முன், டயரின் உள்பக்கம் முழுவதும் ஒரு பருத்தித் துணியை மெல்ல இழுத்துச் செல்லுங்கள். ஒடிந்து உள்ளே தங்கிய கருவேல முள்ளின் நுனி கண்ணுக்குத் தெரியாது. துணியின் நூல் அதில் மாட்டி நிற்கும். அதை உள்ளிருந்து பிடுங்க முடியாவிட்டால், வெளிப்பக்கத்திலிருந்து சிறு இடுக்கியால் இழுத்தெடுங்கள். இதைச் செய்யாமல் போட்ட புது டியூப் வீடு வருவதற்குள் இறங்கிவிடும்.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்துவிட்டு முயன்றவர்கள் சொன்ன சிக்கல்களில் இரண்டை இங்கே சேர்க்கிறேன்.

விரல் குட்டையாக இருப்பதால் லீவர் எட்டவில்லை என்று சிலர் சொன்னார்கள். பெரும்பாலான லீவர்களில் சிறிய திருகு ஒன்று இருக்கும். அதைத் திருகினால் லீவர் ஹேண்டில்பாரை நோக்கி நெருங்கி வரும். நெருக்கிய பிறகு, முழு வலுவோடு இழுத்தாலும் லீவர் கைப்பிடியில் முட்டவில்லை என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் முடிந்து வந்ததும் டிஸ்க் பிரேக் கத்துகிறது, பிடிக்கவும் இல்லை என்றார் ஒருவர். போய்ப் பார்த்தபோது, செயினுக்கு அடித்த ஸ்பிரே எண்ணெய் டிஸ்க்கிலும் படிந்திருந்தது. டிஸ்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தால் சுத்தமாகிவிடும். ஆனால் எண்ணெய் குடித்த பிரேக் பேடைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். புதிய பேடு போட்டதும் மிதமான வேகத்தில் வந்து, சக்கரம் பூட்டாமல், நடக்கும் வேகத்துக்குக் குறைப்பதை இருபது முறையாவது செய்யுங்கள். அதன் பிறகுதான் அதன் முழுப் பிடிப்பும் வரும். செயினுக்கு ஸ்பிரேயை விடச் சொட்டுச் சொட்டாக விடும் எண்ணெயே நல்லது.

முள்ளுக்கு அஞ்சி டியூப்லெஸ் முறைக்கு மாறியவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஓட்டையை அடைப்பதற்காக டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் நம் ஊர் வெப்பத்தில் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சக்கரத்தைக் கழற்றிக் காதருகில் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தளும்பும் ஓசை கேட்காவிட்டால், வால்வின் உட்பகுதியைக் கழற்றி மேலும் 60 மி.லி. ஊற்றி, சக்கரத்தை இருபுறமும் சாய்த்துச் சுழற்றிவிட்டுக் காற்றடியுங்கள்.