டர்ட் பைக்கின் செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் வீட்டிலேயே மாற்றும் முறை

ஈ.சி.ஆர். பக்கத்து மணலில் ஓட்டப்படும் வண்டியின் செயின், உப்புக்காற்றில் துருவேறுவதோடு மணலும் உள்ளே புகுந்து அரைப்பதால் வேகமாகத் தேய்கிறது. தேய்மானத்தை அளந்தே முடிவு செய்ய வேண்டும். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் மையத்திலிருந்து 21-ஆவது பின்னின் மையம் வரை அளந்தால், புதுச் செயினில் 428 என்ற அளவு ரகத்திற்கு 254 மி.மீ., 520 ரகத்திற்கு 317.5 மி.மீ. இருக்கும், அதைவிட 2 சதவீதம் நீண்டிருந்தால் மாற்றிவிடலாம். செயின் ஓடும் பற்சக்கரங்களான ஸ்ப்ராக்கெட்டுகளின் தேய்ந்த பற்கள் புதுச் செயினையும் விரைவில் கெடுத்துவிடும் என்பதால், செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் செட்டாகவே வாங்க வேண்டும். சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டிற்குப் போகும்போது செயின் ரகம், கண்ணிகளின் எண்ணிக்கை, இரு ஸ்ப்ராக்கெட்டுகளின் பல் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துச் செல்லுங்கள். புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஸ்ப்ராக்கெட்டை நான் வாங்க மாட்டேன்.

வேலையின் வரிசைதான் இதில் முக்கியம். நானும் முதன்முறை ஆர்வத்தில் பழைய செயினை வெட்டிவிட்டு, பிறகு முன் ஸ்ப்ராக்கெட்டின் நட்டைக் கழற்றப் போனேன். பிடிமானம் இல்லாத தண்டு ஸ்பேனரோடு சேர்ந்து சுற்றியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாயிற்று. ஆகவே செயின் மாட்டியிருக்கும்போதே, வாஷரின் மடிப்பை உளியால் நிமிர்த்தி, ஒருவர் பின் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க, அந்த நட்டைத் தளர்த்திவிட வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட்டின் நட்டுகளையும் சக்கரம் வண்டியில் இருக்கும்போதே தளர்த்திக்கொள்வது நல்லது.

அதன்பின் செயினைக் கழற்றலாம். ரிவெட் அடித்த இணைப்பானால், கண்ணாடி அணிந்துகொண்டு, பின்னின் தலையைக் கிரைண்டரால் தேய்த்துவிட்டே வெளியே தள்ள வேண்டும். தேய்க்காமல் தள்ளினால் செயின் கட்டரின் முனைதான் உடையும்.

புது ஸ்ப்ராக்கெட்டுகளைப் பொருத்தி, பின்புற நட்டுகளை எதிரெதிராக, மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்குங்கள். பின் சக்கரத்தை நகர்த்தும் அட்ஜஸ்டரை முன்னே தள்ளிய பிறகு, செயினின் இரு முனைகளையும் பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்களில் அமர்த்தி இணைத்தால் கைக்கு எளிது. இணைப்பு கிளிப் வகையானால், அந்தக் கிளிப் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும். அதாவது மேற்பகுதியில் வைத்துப் பார்த்தால் எஞ்சின் பக்கம். முன் நட்டை இறுதியாக முறுக்கி, வாஷரை மடக்கிவிடுங்கள்.

செயினின் தொய்வுக்கு மேனுவலில் உள்ள அளவையே பின்பற்ற வேண்டும். சஸ்பென்ஷன் அமுங்கி, முன் ஸ்ப்ராக்கெட்டும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்மின் சுழல் மையமும், பின் ஆக்சிலும் நேர்கோட்டுக்கு வரும்போது செயின் மிகவும் இறுகுவதால், தொய்வு குறைவாக இருந்தால் கியர்பாக்ஸ் பேரிங்கே அடிபடும். ஆக்சில் நட்டை முறுக்கும்போது அளவு மாறுவதுண்டு. முறுக்கியபின் மீண்டும் அளந்து, முதல் ஓட்டம் முடிந்ததும் இன்னொரு முறை பாருங்கள்.