மூட்டுவாத மாத்திரை: இரண்டு வாரம் முன்னால் ஒரு அலாரம்

வெளியூரில் இருக்கும் பெற்றோருக்கு மூட்டுவாத மாத்திரை வாங்கி அனுப்புகிறவர்கள், மாத்திரை தீரும் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் போனில் அலாரம் வையுங்கள். அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டு, மிச்சமிருக்கும் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மெத்தோட்ரெக்சேட், லெஃப்ளுனோமைடு போன்ற மூட்டுவாத மாத்திரைகளுக்கு ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றின் நிலையையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ரிப்போர்ட் இல்லாவிட்டால் மருந்துச் சீட்டைப் புதுப்பிப்பது தள்ளிப்போகலாம். போட்டோ எதற்கு என்றால், போனில் கேட்டால் பெரியவர்கள் "இருக்கு, இருக்கு" என்றுதான் சொல்வார்கள். அதைவிட முக்கியம், மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள்தான். தவறிப்போய் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கணக்குக்கு மேல் காலியாகியிருந்தால் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

வலி வந்தால் மட்டும் போடும் மாத்திரைக்கு இந்தத் தேதிக் கணக்கு சரிவராது. படிப்படியாகக் குறைக்கும் ஸ்டீராய்டுக்கும் அப்படித்தான். அப்புறம், டோஸ் மாற்றிய மாதத்தில் பழைய சீட்டை வைத்து வாங்கவே வேண்டாம்.