நியூட்ரோஃபில் வீசும் வலை: தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்கள்

புண்ணிலிருந்து சீழை ஒற்றியெடுத்தவர்களுக்குத் தெரியும், அது தண்ணீர் மாதிரி வராது, நூல் நூலாக இழுபடும். அந்தப் பிசுபிசுப்பில் டிஎன்ஏவுக்குப் பெரிய பங்கு உண்டு. செத்து உடைந்த வெள்ளணுக்களிலிருந்து சிந்தியது என்றுதான் வெகுகாலம் விட்டுவிட்டார்கள். 2004இல் பெர்லின் மாக்ஸ் பிளாங்க் தொற்று உயிரியல் நிறுவனத்தில் பிரிங்க்மன், சைக்லின்ஸ்கி குழுவினர் வேறொன்றைக் காட்டினார்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை தன் டிஎன்ஏவையே வெளியே வீசுகிறது. அந்த இழைகளில் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதம், கிருமியைத் தாக்கும் எலாஸ்டேஸ், மைலோபெராக்சிடேஸ் நொதிகள் எல்லாம் ஒட்டியிருக்கின்றன, பாக்டீரியா அதில் சிக்குகிறது. சுருக்கமாக இதை ‘நெட்’ (NET, neutrophil extracellular trap) என்கிறார்கள். தமிழில் சிலர் ‘பொறி’ என்று எழுதுகிறார்கள். பொறி என்றால் தீப்பொறியும் நினைவுக்கு வருவதால் எனக்கு ‘வலை’ போதும்.

இருபது ஆண்டுகளில் இதைப் பற்றி எழுதிக் குவித்தாகிவிட்டது. ஒரே மாதிரித் தவறுகளும் கூடவே வருகின்றன.

முதல் தவறு, செல்லுக்கு வெளியே டிஎன்ஏ தெரிந்தாலே வலை என்று முடிவுகட்டுவது. சைட்டாக்ஸ் பச்சைச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் இருட்டில் பச்சை மேகம் போல அழகாகத்தான் இருக்கும். ஆனால் சவ்வு கிழிந்த எந்தச் செல்லிலும் அந்தச் சாயம் ஏறும். எப்படிச் செத்தது என்று அதற்குத் தெரியாது. டிஎன்ஏ இருக்கும் அதே இழையில் எலாஸ்டேஸோ மைலோபெராக்சிடேஸோ சேர்ந்து தெரிகிறதா, வலை விரியும்போது ஹிஸ்டோனில் வரும் சிட்ருல்லின் என்ற வேதி மாற்றம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். இரத்தத்திலும் இதே கதைதான். அங்கே மிதக்கும் டிஎன்ஏ ஈரலிலிருந்து வந்திருக்கலாம், புற்றுக்கட்டியிலிருந்து வந்திருக்கலாம், நன்றாக ஓடிவிட்டு வந்தவருக்குக்கூட ஏறியிருக்கும். போதாததற்குச் சிலர் சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் நீரில், அளக்கிறார்கள். குழாயில் இரத்தம் உறையும்போதே வெள்ளணுக்கள் டிஎன்ஏவைக் கொட்டும், அளவு கூடும். உறையவிடாமல் பிரித்தெடுக்கும் பிளாஸ்மாதான் சரி. செல் வளர்க்கும் ஊடகத்தில் சீரம் சேர்த்தால் நேர்மாறான சிக்கல். அதிலுள்ள, டிஎன்ஏவை வெட்டும் நியூக்ளியேஸ் நொதி வலையை அரித்துவிடும். சூடாக்கினாலும் முழுதாக அடங்காத நியூக்ளியேஸ் அது. வலையே உருவாகவில்லை என்று எழுதிவைப்பார்கள். உண்மையில் உருவாகிக் கரைந்திருக்கும்.

இரண்டாவது, பிஎம்ஏவை நம்பி எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. ஆய்வகத்தில் வலையை விரிக்கவைக்க அதிகம் பயன்படுவது இந்த ரசாயனம்தான். நம் சித்த மருத்துவர்கள் சுத்திசெய்து பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளம் இருக்கிறதே, அதன் எண்ணெயில் உள்ள ஃபார்பால் எஸ்டர் வகை. பிஎம்ஏ கொடுத்தால் வினைமிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளை உருவாக்கும் நொதியின் வழியாக இரண்டு, மூன்று மணி நேரத்தில் செல் வெடிக்கும். எந்த நோயாளியின் உடலிலும் பிஎம்ஏ ஓடவில்லை. பாக்டீரியா, யூரிக் அமிலப் படிகம், தட்டணு என்று தூண்டும் பொருள் மாறினால் பாதையும் மாறும். ஹிஸ்டோனில் அந்தச் சிட்ருல்லின் மாற்றத்தைச் செய்யும் பிஏடி4 நொதி இல்லாமல் வலையே கிடையாது என்று ஒரு வாக்கியத்தில் முடிப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

வலை விரித்தால் செல் செத்தே தீரும் என்பதும் அப்படித்தான். ‘தற்கொலைப் படை’ என்று தலைப்புப் போட வசதியாக இருக்கிறது, அவ்வளவே. 2012இல் கனடாவின் கால்கரியில், எலியின் தோல் தொற்றில், டிஎன்ஏவைக் கொட்டிவிட்ட நியூட்ரோஃபில்கள் தொடர்ந்து ஊர்ந்து பாக்டீரியாவை விழுங்குவதைப் படமெடுத்தார்கள். கருவில்லாமல் வேட்டை! சிக்கிய கிருமி செத்ததாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதியால் வலையைக் கரைத்துவிட்டால் உள்ளிருந்து உயிரோடு வெளிவரும் பாக்டீரியா உண்டு. தொண்டைப்புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தானே டிஎன்ஏஸைச் சுரந்து நழுவிவிடும்.

என்னைக் கேட்டால், இவற்றிலெல்லாம் பெரிய தவறு நல்லதா கெட்டதா என்று கட்சி பிரிப்பது. எர்லாங்கன் பல்கலைக்கழகக் குழு ஒன்றே இரண்டையும் காட்டியிருக்கிறது. 2014இல், யூரிக் அமிலப் படிகத்தால் மூட்டு வீங்கும் கௌட் வாதம்: கட்டியாகத் திரண்ட வலைகள், வீக்கத்தைக் கிளப்பும் சைட்டோகைன் புரதங்களை அறுத்துத் தணிக்கின்றன. வலை விரிக்க முடியாத எலிகளுக்கு வீக்கம் அடங்கவே இல்லை. 2019இல் பித்தக்கல்: அதே வலை கொலஸ்ட்ரால் படிகங்களைப் பசைபோல ஒட்டிக் கல்லாக்குகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயில் சிலருக்குச் சிக்கல் வலை விரிவதில் மட்டுமல்ல, அது அப்புறப்படுத்தப்படாமல் கிடப்பதிலும் இருக்கிறது. கிடக்கும் டிஎன்ஏவை எதிரி என்று எண்ணி உடல் அதற்கு எதிரான எதிர்ப்புப் புரதங்களைச் செய்கிறது. கோவிட் காலத்தில் மோசமான நோயாளிகளிடம் வலையின் அடையாளங்கள் கூடுதலாக இருந்தன. உடனே அதுதான் காரணம் என்று செய்தி கிளம்பியது. தீப்பிடித்த இடத்தில் தீயணைப்பு வண்டி நின்றால் தீ வைத்தது வண்டியா? இரத்தம் உறைவதில் வலைக்குக் கை உண்டு என்பதற்கு விலங்குச் சோதனைகளில் வலுவான சான்று இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மருந்தைப் பற்றியும் ஒன்று. நுரையீரலில் சளி கெட்டியாகும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் சளியை இளக்க மூச்சில் இழுக்கும் டார்னேஸ் ஆல்ஃபா, மருந்தாகச் செய்த டிஎன்ஏஸ்தான். அது 1993இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது, வலை என்ற பேச்சு எழுவதற்கு முன்பே. அதனால் டிஎன்ஏஸைக் கொடுத்தால் எல்லா நோயும் தீரும் என்று சொல்ல ஆசை வரும். லூபஸ் சிறுநீரக நோயாளிகளுக்கு 1990களிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் நோய்க் குறியீடுகள் அசையவில்லை. எலியின் ஈரலில் செய்த சோதனை ஒன்று வேறொரு சிக்கலைக் காட்டியது. டிஎன்ஏஸ் இழையை மட்டும் கரைத்தது. ஹிஸ்டோனும் எலாஸ்டேஸும் இரத்தக்குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கிடந்தன.

இரத்தப் பரிசோதனைத் தாளில் நியூட்ரோஃபில் 75 சதவீதம் என்று பார்த்துவிட்டு ‘எனக்கு வலை அதிகமா?’ என்று கேட்பவர்களுக்கு: அது எண்ணிக்கை. அவை வலை விரித்தனவா என்று அந்தத் தாள் சொல்லாது.